வாள் அலகுச் சிட்டும் மலைப்பூவும்

விடியற்காலை நேரம். தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு காடு மெல்ல விழித்துக்கொண்டிருக்கிறது. மரக்கிளைகளில் பாசி திரையாகத் தொங்குகிறது. எங்கும் மூடுபனி. ஒரு கொடியில் இளஞ்சிவப்புப் பூவொன்று நீண்ட குழாய் வடிவில் பூத்திருக்கிறது. அதன் தேன் குழாயின் அடியாழத்தில் உள்ளது. தேனீ ஒன்று வந்து பூவின் வாயில் அமர்கிறது. உள்ளே எட்ட முடியாமல் பறந்துபோகிறது. சிறிது நேரத்தில் ‘விர்ர்’ என்ற ஓசை கேட்கிறது. பச்சை நிறச் சிறு பறவையொன்று பூவின்முன் அந்தரத்தில் நிற்கிறது. அதன் அலகு, உடலைக் காட்டிலும் நீளமாக இருக்கிறது. வாளை உறைக்குள் செருகுவதுபோல், பறவை தன் அலகு முழுவதையும் பூக்குழாய்க்குள் செலுத்துகிறது. சில நொடிகளில் தேனை உறிஞ்சிவிட்டுப் பின்னோக்கிப் பறந்து வெளியே வருகிறது. அதன் நெற்றியில் மகரந்தம் ஒட்டியிருக்கிறது.

இதுதான் வாள் அலகு ஓசனிச்சிட்டு. இந்தப் பறவைக்கும் அந்தப் பூவுக்கும் உள்ள உறவு ஒரு கோடி ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறது. அந்த உறவின் வலிமையையும் அதில் மறைந்துள்ள ஆபத்தையும் இப்பகுதியில் அறிந்துகொள்வோம்.

ஓசனிச்சிட்டும் தேன்சிட்டும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுத் தோட்டங்களில் செம்பருத்திப் பூவைச் சுற்றிவரும் சின்னஞ்சிறு பறவைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வளைந்த அலகையும் மின்னும் கழுத்தையும் கண்டு, ‘ஹம்மிங் பறவை’ என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அவை தேன்சிட்டுகள். ஹம்மிங் பறவை என்று அழைக்கப்படும் ஓசனிச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இயற்கையாக வாழ்கின்றன. இவ்விரு பறவையினங்களும் நெருங்கிய உறவினர் அல்லர். பூந்தேனை உண்டு வாழும் ஒரே வகை வாழ்க்கை, உலகின் இரு வேறு பகுதிகளில் ஒத்த தோற்றத்தை உருவாக்கியிருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. தேன்சிட்டு பெரும்பாலும் கிளையிலோ பூக்காம்பிலோ அமர்ந்துதான் தேனைக் குடிக்கும். ஓசனிச்சிட்டோ சிறகடித்தபடி காற்றில் ஒரே இடத்தில் நின்றுகொண்டே குடிக்கும். பின்னோக்கியும் பறக்கும். ஓசனிச்சிட்டுக் குடும்பத்தில் 350க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் மிக நீண்ட அலகைக் கொண்டது வாள் அலகுச் சிட்டு.

பெயரிலேயே வாள்

வாள் அலகுச் சிட்டின் அறிவியல் பெயர் ‘என்சிஃபெரா என்சிஃபெரா’. லத்தீன் மொழியில் ‘என்சிஸ்’ என்றால் வாள். ‘ஃபெர்ரே’ என்றால் ஏந்துதல். ‘வாளேந்தி’ என்பதே அப்பெயரின் பொருள். வெனிசுவேலா, கொலம்பியா, ஈக்குவடோர், பெரு, பொலிவியா ஆகிய ஐந்து நாடுகளின் மலைக்காடுகளில் இது வாழ்கிறது. பெரும்பாலும் 2,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களில்தான் இதைக் காணலாம். கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமே என்பதை நினைத்துப் பார்த்தால், இப்பறவையின் வாழிடம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது விளங்கும்.

இதன் எடை ஏறக்குறைய 12 கிராம்; அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையின் எடை. அலகின் நீளமோ ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். வாலை நீக்கிவிட்டு அளந்தால், உடலைவிட அலகே நீளமாக இருக்கும். உலகில் வேறு எந்தப் பறவைக்கும் இப்படிப்பட்ட அளவு அமையவில்லை.

இவ்வளவு நீளமான அலகைச் சுமப்பது எளிதன்று. மற்றப் பறவைகள் தங்கள் இறகுகளை அலகால் கோதிச் சுத்தம் செய்கின்றன. வாள் அலகுச் சிட்டால் அவ்வாறு செய்ய முடியாது. அலகின் நுனி தன் மார்பையோ முதுகையோ எட்டாத அளவிற்கு நீண்டுவிட்டது. ஆகவே, அது ஒரு காலால் கிளையைப் பற்றிக்கொண்டு மறு காலால் இறகுகளைச் சீவிக்கொள்கிறது. கிளையில் அமரும்போது அலகை வானை நோக்கி உயர்த்தி வைத்துக்கொள்கிறது. அப்படி வைத்துக்கொண்டால்தான் அலகின் பளு கழுத்தை முன்னோக்கி இழுக்காது.

அந்தரத்தில் நிற்கும் திறன்

பெரும்பாலான பறவைகள் சிறகைக் கீழ்நோக்கி அடிக்கும்போதுதான் உடலை மேலே தூக்கும் விசையைப் பெறுகின்றன. ஓசனிச்சிட்டுகளின் தோள்மூட்டு வேறு விதமாக அமைந்துள்ளது. அவை சிறகை மேலே கொண்டுவரும்போது அதைத் திருப்பிக்கொள்கின்றன. சிறகின் நுனி காற்றில் ‘8’ என்ற எண்ணைப் படுக்கவைத்தாற்போல் வரைகிறது. ஆகவே, மேல்நோக்கிய வீச்சிலும் அவற்றுக்கு ஓரளவு விசை கிடைக்கிறது. தேவையான விசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கீழ்வீச்சிலும் கால் பங்கு மேல்வீச்சிலும் கிடைப்பதை ஆய்வாளர்கள் அளந்து கண்டுள்ளனர்.

உயரமான மலைகளில் காற்று அடர்த்தி குறைந்திருக்கும். அத்தகைய காற்றில் நிற்பது, சமவெளியில் நிற்பதைவிடக் கடினம். சுவாசிக்கக் கிடைக்கும் உயிர்வளியும் அங்குக் குறைவு. ஆண்டிஸ் மலையின் உயர்ந்த பகுதிகளில் வாழும் ஓசனிச்சிட்டுகளுக்கு உடலளவை நோக்கப் பெரிய சிறகுகள் அமைந்திருப்பது இதனால்தான்.

இவ்வாறு பறப்பதற்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். பூந்தேனில் உள்ள சர்க்கரையே அந்த ஆற்றலைத் தருகிறது. பகல் முழுவதும் இடையிடையே தேன் குடித்துக்கொண்டே இருந்தால்தான் இவை உயிர்வாழ முடியும். உடல் வளர்ச்சிக்குத் தேவையான புரதத்தைச் சிறு பூச்சிகளிடமிருந்து பெறுகின்றன.

இரவில் என்ன செய்வது? மலைக்காட்டில் இரவு கடுங்குளிர் நிலவும், தேனும் கிடைக்காது. இச்சூழலில் பல ஓசனிச்சிட்டுகள் ஒருவகை ஆழ்ந்த உறக்கநிலைக்குச் செல்கின்றன. அப்போது இதயத்துடிப்பு வெகுவாகக் குறைகிறது, உடல்வெப்பமும் தாழ்கிறது. பெருவின் மலைகளில் வாழும் ஓர் ஓசனிச்சிட்டு இனத்தின் உடல்வெப்பம், இரவில் 3.3 பாகை செல்சியஸ் வரை இறங்கியதை 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று பதிவுசெய்துள்ளது. ஏறக்குறைய குளிர்சாதனப் பெட்டிக்குள் நிலவும் வெப்பநிலை அது. கதிரவன் எழும் வேளையில் அப்பறவை உடலை நடுக்கி, மீண்டும் சூடேற்றிக்கொண்டு பறந்துவிடுகிறது.

நாக்கு செய்யும் வேலை

அலகு பூவுக்குள் நுழைய வழி செய்கிறது. தேனை எடுப்பது நாக்கு. ஓசனிச்சிட்டின் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். நெடுங்காலமாக, மெல்லிய குழாயில் நீர் தானாக ஏறுவதைப்போல நாக்கில் தேன் ஏறுகிறது என்றே அறிவியலாளர்கள் எண்ணி வந்தனர். 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அக்கருத்தை மாற்றியது. அதிவேக ஒளிப்பதிவுக் கருவியைக் கொண்டு பார்த்தபோது, நாக்கின் நுனி தேனில் பட்டதும் அதன் ஓரத்தில் உள்ள மெல்லிய மடிப்புகள் விரிவது தெரிந்தது. நாக்கை வெளியே இழுக்கும்போது அம்மடிப்புகள் மூடிக்கொண்டு தேனைச் சிறைப்பிடிக்கின்றன. ஒரு நொடிக்குள் இச்செயல் பலமுறை நிகழ்கிறது.

பூவும் அலகும் நீண்ட கதை

தொடக்கத்தில் நாம் கண்ட நீண்ட குழாய்ப்பூ, பேஷன் பழக் கொடியின் உறவுச் செடி. அதன் அறிவியல் பெயர் ‘பாசிஃபுளோரா மிக்ஸ்டா’. அதன் நெருங்கிய உறவுச் செடிகள் சிலவற்றின் பழங்கள், கொலம்பியாவில் ‘குருபா’ என்றும் ஈக்குவடோரில் ‘தக்சோ’ என்றும் சந்தைகளில் விற்கப்படுகின்றன. மக்கள் அவற்றைப் பழச்சாறாக்கிப் பருகுகின்றனர்.

பாசிஃபுளோரா மிக்ஸ்டாவின் பூக்குழாய் எட்டு சென்டிமீட்டருக்கும் மேல் நீளமானது. தேன் அதன் அடியில் சுரக்கிறது. மகரந்தப் பைகளும் சூல்முடியும் குழாயின் வாய்ப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பறவை தேனை எட்ட வேண்டுமானால் அலகை அடிவரை செலுத்த வேண்டும். அப்போது அதன் தலை மகரந்தப் பைகளில் உரசுகிறது. அடுத்த பூவுக்குச் செல்லும்போது அந்த மகரந்தம் அங்குள்ள சூல்முடியில் ஒட்டுகிறது. இவ்வாறே மகரந்தச் சேர்க்கை நடைபெற்றுக் காய் காய்க்கிறது.

இப்படிப்பட்ட பொருத்தம் எவ்வாறு உருவானது? பூக்குழாய் அலகைவிடச் சற்றுக் குட்டையாக இருந்தால், பறவை தலையை உரசாமலேயே தேனைக் குடித்துவிடும். அப்பூவின் மகரந்தம் பரவாது. எனவே, சற்றே நீண்ட குழாயைக் கொண்ட பூக்கள் அதிக விதைகளை உண்டாக்கின. மறுபுறம், அலகு சற்றே நீண்டிருந்த பறவைகளுக்கு அதிகத் தேன் கிடைத்தது. அவை வலுவோடு வாழ்ந்து அதிகக் குஞ்சுகளை வளர்த்தன. தலைமுறை தலைமுறையாக இது தொடர்ந்தபோது, பூவும் நீண்டது, அலகும் நீண்டது. இரண்டு உயிரினங்கள் ஒன்றையொன்று மாற்றியமைத்தபடி வளர்வதைக் ‘கூட்டுப் படிமலர்ச்சி’ என்பர்.

இத்தகைய பொருத்தத்தைக் கண்டு வியந்தவர்களுள் ஒருவர் அறிவியலாளர் சார்லஸ் டார்வின். மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் பூவொன்றில், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளமுள்ள தேன்குழாய் இருப்பதை அவர் கண்டார். அதன் அடியிலுள்ள தேனை எட்டக்கூடிய நீண்ட உறிஞ்சுகுழலைக் கொண்ட அந்துப்பூச்சி ஒன்று அங்கு இருக்க வேண்டும் என்று 1862இல் எழுதினார். அப்படியொரு பூச்சியை அன்று எவரும் கண்டதில்லை. டார்வின் 1882இல் மறைந்தார். அவர் கூறியதற்கு ஏற்ற அந்துப்பூச்சி 1903ஆம் ஆண்டில்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பூவைப் பார்த்தே அதன் துணையை ஊகிக்க முடியும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

தனி உரிமையும் தனிப் பொறுப்பும்

நீண்ட அலகால் பறவைக்கு என்ன பயன்? மலைக்காட்டில் பூந்தேனுக்குப் போட்டி மிகுதி. பல ஓசனிச்சிட்டு இனங்கள் ஒரே பூவுக்காகச் சண்டையிடும். ஆனால், மிக நீண்ட குழாய்ப்பூக்களின் தேனை முறையான வழியில் எட்டக்கூடியது வாள் அலகுச் சிட்டு மட்டுமே. அத்தேன் அதற்கென்றே ஒதுக்கிவைத்த உணவுபோல் ஆகிவிடுகிறது.

பூவுக்கு என்ன பயன்? இப்பறவை ஓரிடத்தைக் காவல் காத்துக்கொண்டு அங்கேயே இருப்பதில்லை. காட்டில் தொலைதூரங்களில் சிதறிக் கிடக்கும் பூக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தேடிச் செல்கிறது. அஞ்சல்காரர் தெருத்தெருவாகச் செல்வதுபோல், தனக்கென்று ஒரு வழியை வகுத்துக்கொண்டு சுற்றி வருகிறது. இதனால், ஒரு கொடியின் மகரந்தம் தொலைவிலுள்ள மற்றொரு கொடிக்குச் சென்று சேர்கிறது. பிறக்கும் விதைகளும் வளமாக இருக்கின்றன.

ஆயினும், இந்த உறவில் இருதரப்பின் நிலையும் ஒன்றல்ல. வாள் அலகுச் சிட்டு பல வகைப் பூக்களை நாடிச் செல்கிறது. தலைகீழாகத் தொங்கும் சிவப்பு நிற ஊமத்தை இனப்பூக்களிலும் அது தேன் குடிக்கும். ஒரு பூ இல்லாவிட்டால் இன்னொரு பூவை நாடலாம். ஆனால், பாசிஃபுளோரா மிக்ஸ்டாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஈக்குவடோரில் நடத்தப்பட்டு 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அக்கொடி மகரந்தச் சேர்க்கைக்கு இந்த ஒரே பறவையைத்தான் நம்பியிருக்கிறது என்பதைக் காட்டியது. மலைக்காட்டில் பூவைத் துளையிட்டுத் தேனைத் திருடும் வேறு பறவைகளும் உள்ளன. அவை குழாயின் பக்கவாட்டில் துளையிட்டுக் குடிப்பதால் மகரந்தத்தைத் தொடுவதே இல்லை. இரு கை தட்டினால்தான் ஓசை எழும். பறவை வராத காட்டில் பூ பூத்தாலும் காய்ப்பதற்கு வழியில்லை.

அப்படியானால், இந்தப் பூக்கள் மீள முடியாத வலையில் சிக்கிக்கொண்டனவா? இக்கேள்வியை 2014ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு ஆராய்ந்தது. இக்கொடியின் உறவுச் செடிகள் பலவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவற்றுக்கும் வாள் அலகுச் சிட்டுக்கும் உள்ள உறவு ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் ஆண்டுகள் பழைமையானது எனத் தெரிந்தது. அத்துடன் எதிர்பாராத ஓர் உண்மையும் வெளிப்பட்டது. அவற்றுள் சில செடிகள் பிற்காலத்தில் வழி மாறியிருக்கின்றன. சில, இரவில் வரும் வௌவால்களுக்கு ஏற்ற பூக்களைப் பெற்றன. வேறு சில, குட்டை அலகு ஓசனிச்சிட்டுகளுக்கு ஏற்றவாறு தங்கள் குழாய்களைக் குறுக்கிக்கொண்டன.

ஆகவே, இயற்கையில் மாற்றத்திற்கு வழி உண்டு. ஆனால், அதற்கு மிக நீண்ட காலம் தேவை. எண்ணற்ற தலைமுறைகள் கடந்த பிறகே பூவின் வடிவம் மாறும். ஒரு மலைச்சரிவிலுள்ள மரங்களை வெட்டிச் சாய்க்கவோ சில நாள்கள் போதும்.

குறுகிவரும் காடு

ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். உருளைக்கிழங்கு பயிரிடவும் கால்நடைகளை மேய்க்கவும் காடுகளின் பெரும்பகுதி அழிக்கப்பட்டுள்ளது. விறகுக்காகவும் கரிக்காகவும் மரங்கள் வெட்டப்பட்டன. ஒரு காலத்தில் தொடர்ச்சியாக இருந்த காடு, பல இடங்களில் துண்டு துண்டாகிவிட்டது. அங்கு வாழும் உழவர்களுக்கு நிலமே வாழ்வாதாரம் என்பதால், காட்டைக் காக்கும் பணி எளிதான ஒன்றன்று.

வாள் அலகுச் சிட்டு இன்று அழியும் நிலையில் உள்ள பறவை அன்று. ஐந்து நாடுகளில் பரவி வாழ்வதால், உலகளவில் அதற்கு உடனடி ஆபத்து இல்லை என்றே இயற்கைப் பாதுகாப்பு வல்லுநர்கள் மதிப்பிட்டுள்ளனர். எனினும், காட்டுத்துண்டு ஒன்றில் பூக்களின் எண்ணிக்கை குறைந்தால் பறவை அவ்விடத்தை விட்டு நீங்கிவிடும். எஞ்சிய கொடிகள் மட்டும் அங்கு நின்று, ஆண்டுதோறும் பூத்து உதிரும். பார்ப்பவர் கண்ணுக்குக் காடு பசுமையாகவே தெரியும். ஆனால், புதிய விதைகள் விழுவதில்லை. முதிர்ந்த கொடிகள் பட்டுப்போகும்போது அவற்றின் இடத்தை நிரப்ப இளங்கொடிகள் இருக்கமாட்டா. ஓர் உயிரினம் மறைவதற்கு முன்பே, அதன் உறவு அறுந்துவிடுவதால் ஏற்படும் இழப்பு இது.

புவி வெப்பமடைவதும் மற்றொரு சிக்கல். ஈக்குவடோரின் சிம்போராசோ மலையில் எந்தெந்த உயரத்தில் எந்தெந்தத் தாவரங்கள் வளர்கின்றன என்பதை அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802இல் ஆராய்ந்து பதிவுசெய்தார். ஏறக்குறைய 210 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்கள் அதே மலைக்குச் சென்றபோது, தாவரங்கள் அன்றைவிட உயரமான இடங்களுக்கு நகர்ந்திருப்பதைக் கண்டனர். பறவை ஒரே நாளில் மலையேறிவிடும். கொடி விதை மூலமாகத்தான் மெல்ல மெல்ல ஏற முடியும். இரண்டும் ஒரே வேகத்தில் நகராவிட்டால் அவை சந்திக்கும் இடம் சுருங்கிவிடும்.

காக்கும் முயற்சிகள்

ஈக்குவடோரின் தலைநகரான கீட்டோவுக்கு அருகில் பிச்சின்சா எரிமலை உள்ளது. அதன் சரிவில் ‘யானகோச்சா’ என்னும் காப்புக்காடு அமைந்துள்ளது. அம்மலையைச் சார்ந்து வாழும் மற்றோர் அரிய ஓசனிச்சிட்டைக் காப்பதற்காக, ‘ஹொகோடோகோ’ என்னும் அறக்கட்டளை அக்காட்டை உருவாக்கியது. கால்களில் வெண்பஞ்சு சுற்றியதுபோன்ற இறகுகளைக் கொண்ட அச்சிறு பறவை, கீட்டோ நகரின் அடையாளப் பறவையாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. அதைக் காப்பதற்காகப் பேணப்படும் அதே காட்டில் வாள் அலகுச் சிட்டும் வாழ்கிறது. ஒன்றைக் காக்க எடுத்த முயற்சி, மற்றொன்றுக்கும் நிழலாகிறது.

இத்தகைய காடுகளால் மக்களுக்கும் நன்மை உண்டு. மரங்களும் பாசிகளும் மூடுபனியிலுள்ள நீர்த்துளிகளைப் பிடித்து மண்ணுக்குள் அனுப்புகின்றன. மழையில்லாத காலத்திலும் ஓடைகள் வற்றாமல் ஓட அது உதவுகிறது. கீழேயுள்ள ஊர்களுக்கும் நகரங்களுக்கும் மலைக்காடு நீர்த்தொட்டியாக விளங்குகிறது. பறவைகளைக் காண உலகெங்கிலுமிருந்து வரும் பயணிகளால் உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பும் கிடைக்கிறது.

பயணிகளுக்காகச் சர்க்கரை நீர் நிரப்பிய கலன்களைக் காட்டோரங்களில் தொங்கவிடுவர். வாள் அலகுச் சிட்டும் அங்கு வந்து தன் நீண்ட அலகை நுழைத்துக் குடிக்கும். எவரையும் கவரும் காட்சி அது. பறவையை மக்கள் நேரில் கண்டு நேசிக்க அக்கலன்கள் உதவுகின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனாலும், கலனிலிருந்து பறவைக்கு உணவு கிடைக்கிறதே தவிர, காட்டிலுள்ள கொடிக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே, கலன் ஒருபோதும் பூவுக்கு ஈடாகாது. பறவையைக் காப்பது என்றால், அது தேடிச் செல்லும் பூக்களையும் அப்பூக்கள் படர்ந்திருக்கும் மரங்களையும் சேர்த்தே காப்பதாகும்.

மூடுபனி விலகும் வேளையில் வாள் அலகுச் சிட்டு தன் வழக்கமான வழியில் பறந்து செல்கிறது. அடுத்த கொடி, பள்ளத்தாக்கிற்கு அப்பால் உள்ள மரமொன்றில் பூத்திருக்கிறது. நெற்றியில் ஒட்டிய மகரந்தம் அங்குச் சென்று சேர வேண்டும். இடையிலுள்ள காடு இருக்கும்வரை அந்தப் பயணம் தொடரும்.